ஒயின் வியாபாரி போட்ட இரும்புக் கணக்கு

தீயும் இரும்பும் – வரலாற்றுத் தொடர் – 7

லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருந்த ஆல்பியன் மாவு மில் 1791 மார்ச் 2ஆம் தேதி எரிந்து விழுந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். நீராவியால் ஓடிய அந்தப் பிரம்மாண்ட ஆலை, திறந்து ஐந்தே வருடத்தில் கரி படிந்த சுவர்களாக நின்றது. அந்தச் சேதி வடக்கே டர்பிக்கும் லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் போனபோது, மில் முதலாளிகள் பலருக்குத் தூக்கம் போனது. அவர்கள் கட்டி வைத்திருந்ததும் அதே மாதிரிக் கட்டடங்கள்தாம். சுற்றிலும் செங்கல், உள்ளே முழுக்க மரம்.

அந்தப் பயத்திலிருந்து பிறந்த ஒரு கட்டடம்தான் இந்த இதழின் கதாநாயகன். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வேல்ஸ் எல்லைக்கு அருகே செவர்ன் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஷ்ரூஸ்பரி என்ற ஊர். அதன் வடக்கு ஓரம் டிதரிங்டன். அங்கே 1797இல் எழுந்த ஒரு ஆளிநார் நூற்பாலை இன்றும் நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நீளமான செங்கல் கட்டடம், ஐந்து தளங்கள், அலங்காரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் உலகிலேயே முதன்முதலாகத் தூணும் உத்திரமுமாக முழு இரும்புச் சட்டகத்தை உள்ளே வைத்துக் கட்டிய மாடிக் கட்டடம் அதுதான்.

மில் ஏன் எரிந்தது?

அந்தக் காலத்து நூற்பாலை ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போம். தளம் மரப்பலகை. பலகையைத் தாங்குவது மர உத்திரம். உத்திரத்தைத் தாங்குவது மரத்தூண். இயந்திரங்களுக்கு இடும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து பலகையில் ஊறிப்போயிருக்கும். காற்றில் எப்போதும் நார்த்தூசி மிதக்கும். மூலை முடுக்கெல்லாம் பஞ்சுபோலப் படியும். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் நாடு. வேலை நிற்காது என்பதால் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் ஏற்றுவார்கள்.

இத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே. பொறி ஒன்று விழுந்தால் போதும். மேலும் கீழுமாகப் பெல்ட்டுகளும் சுழல்தண்டுகளும் ஓடுவதற்காகத் தளத்துக்குத் தளம் துளை விட்டிருப்பார்கள். தீக்கு அதுவே ஏணி. பலகை எரிந்து உத்திரம் முறிந்தால், மேல்தளத்து இயந்திரங்கள் கீழ்த்தளத்தின் மேல் விழும். அந்த இழுப்பில் சுவரும் சாயும். ரிச்சர்ட் ஆர்க்ரைட் நாட்டிங்காமில் வைத்திருந்த முதல் பஞ்சாலை 1781இல் இப்படித்தான் போனது.

பருத்தியைவிட ஆளிநாரில் ஆபத்து அதிகம். லினன் துணிக்கு நூல் தருவது ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். இரும்பு முட்கள் பதித்த சீப்பில் அதை இழுத்து இழுத்துச் சீவ வேண்டும். அப்போது உதிரும் துகளும் தூசியும் உலர்ந்த சருகுபோலப் பற்றிக்கொள்ளும்.

டர்பிக்காரர் எடுத்த பாதி அடி

இதற்கு முதலில் வழி தேடியவர் டர்பி நகரத்துப் பஞ்சாலை முதலாளி வில்லியம் ஸ்ட்ரட். 1792-93இல் அவர் டர்பியில் கட்டிய ஆறு தள மில்லில் மரத்தூணைத் தூக்கிவிட்டு வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார். மரப்பலகைத் தளத்தை விட்டுவிட்டு, உத்திரத்துக்கு உத்திரம் செங்கல் வளைவு போட்டார். ஆனால் உத்திரம் மட்டும் மரமாகவே இருந்தது. அதன் அடிப்பக்கம் தீயின் கண்ணில் படாதபடி காரை பூசி மறைத்தார்.

பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கட்டடத்தின் முதுகெலும்பு இன்னும் எரியக்கூடிய பொருள். மர உத்திரத்தை ஸ்ட்ரட் விட்டுவைத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்குவதில் சூரன். நேராக நிறுத்தி மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் நிற்கும். படுக்கப் போட்டு நடுவில் பாரம் வைத்தால் கதை வேறு. பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேல்பாதி நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பாதி இழுபடும். இழுவிசைக்கு வார்ப்பிரும்பு லாயக்கில்லை. மரம் முறிவதற்கு முன் வளையும், கிறீச்சிடும், எச்சரிக்கும். வார்ப்பிரும்பு எந்தச் சத்தமும் கொடுக்காமல் சட்டென்று உடையும். எவ்வளவு கனத்தில் வார்த்தால் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு கையில் இல்லாமல், நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்யும் தளத்தை அதன் மேல் ஏற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

லீட்ஸில் ஒரு தீ, ஷ்ரூஸ்பரியில் ஒரு கூட்டு

ஜான் மார்ஷல் லீட்ஸ்காரர். ஆளிநாரை இயந்திரத்தில் நூற்க முடியும் என்று பிடிவாதமாக நின்று, பொறியாளர் மாத்யூ மர்ரேயின் உதவியோடு அதைச் சாதித்துக் காட்டியவர். தொழில் பெருக முதல் தேவைப்பட்டது. 1793இல் ஷ்ரூஸ்பரியின் கம்பளித் துணி வணிகர்களான தாமஸ் பெனியன், பெஞ்சமின் பெனியன் என்ற சகோதரர்கள் அவரோடு கூட்டுச் சேர்ந்தார்கள்.

1796இன் தொடக்கத்தில் லீட்ஸில் அவர்களுடைய மில் ஒன்று எரிந்தது. கூட்டாளிகள் அடுத்த மில்லை எங்கே கட்டுவது என்று யோசித்தபோது, பெனியன் சகோதரர்களின் சொந்த ஊரான ஷ்ரூஸ்பரி பொருத்தமாகப் பட்டது. ஊருக்கு வடக்கே புதிதாகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஷ்ராப்ஷயர் சுரங்கங்களின் நிலக்கரி படகில் வந்து மில் வாசலிலேயே இறங்கும். நீராவி இயந்திரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இடம் அமைந்தது. ஆனால் மறுபடியும் எரியும் கட்டடத்தைக் கட்ட மூவருக்கும் மனமில்லை. அந்த நேரத்தில் நான்காவது கூட்டாளியாக உள்ளே வந்தவர் சார்லஸ் பேஜ்.

யார் இந்த பேஜ்?

1751இல் டர்பியில் பிறந்தவர். அப்பா ராபர்ட் பேஜ் காகித ஆலை நடத்தியவர், நாவலாசிரியரும்கூட. மகன் ஷ்ரூஸ்பரிக்கு வந்து ஒயின் வியாபாரம் பார்த்தார். நில அளவையும் தெரியும். பிற்பாடு 1807இல் அந்த ஊருக்கு மேயரும் ஆனார். கட்டடக் கலைஞர் என்று எந்தப் பட்டமும் அவருக்குக் கிடையாது. ஆனால் கணிதத்தில் ருசி உண்டு. ஒரு விஷயத்தை எடுத்தால் அடிவரை போய்ப் பார்க்கும் சுபாவமும் உண்டு.

அவர் இருந்த இடமும் வாகானது. ஷ்ராப்ஷயர் என்றால் அன்றைக்கு இரும்பு. உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் 1779இல் எழுந்தது அந்த மாவட்டத்தில்தான். 1795இல் வெள்ளம் வந்து, ஷ்ரூஸ்பரிக் கால்வாயை ஒரு ஆற்றின் மேல் கடத்துவதற்காகக் கட்டிக்கொண்டிருந்த கல்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பதிலாக லாங்டன் என்ற ஊரில் வார்ப்பிரும்பாலேயே ஒரு தொட்டிப்பாலம் அமைத்தார் தாமஸ் டெல்ஃபோர்டு. தண்ணீரும் படகும் சேர்ந்து நகரும் பாரத்தை இரும்பு எப்படித் தாங்கும் என்று ஷ்ராப்ஷயர் இரும்பாலைகளில் சோதனைகள் நடந்தன. அந்த விவரங்கள் பேஜுக்கு எட்டின.

இன்னொரு பக்கம் டர்பியில் ஸ்ட்ரட். பிறந்த ஊர்க்காரர் என்ற உரிமையில் பேஜ் அவருக்குக் கடிதம் எழுதினார். இரும்புத் தூண் எவ்வளவு தாங்கும், உத்திரத்தின் ஆழத்தைக் கூட்டினால் பலம் எந்த விகிதத்தில் கூடும் என்று இருவருக்கும் இடையே கணக்குகள் போய்வந்தன. அவற்றில் சில இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கைப்பழக்கமும் கண்மதிப்புமாக ஓடிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலில், கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்த ஆரம்ப முயற்சிகளில் அவையும் அடங்கும்.

இந்த எண்களை இரும்பாக மாற்றியவர் வில்லியம் ஹேசல்டைன். ஷ்ரூஸ்பரியிலேயே வார்ப்புச்சாலை வைத்திருந்தவர். பின்னாளில் டெல்ஃபோர்டின் பான்ட்கசில்ட்டே தொட்டிப்பாலத்துக்கும் மெனாய் தொங்கு பாலத்துக்கும் இரும்பு கொடுத்ததும் அவர்தான்.

உள்ளே போய்ப் பார்ப்போம்

கட்டடத்தின் நீளம் சுமார் 54 மீட்டர். அகலம் சுமார் 12 மீட்டர். தரைத்தளத்தில் நின்று நீளவாக்கில் பார்த்தால் மூன்று வரிசையாகத் தூண்கள் ஓடுகின்றன. கூரை தலைக்கு அருகிலேயே வளைந்து வளைந்து போகிறது.

ஒரு தூணை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். குறுக்கே அறுத்தால் கூட்டல் குறி போல இருக்கும்; நான்கு தகடுகள் நடுவில் ஒட்டிக்கொண்ட மாதிரி. மேலேயும் கீழேயும் ஒல்லி; நடுவில் சற்றுப் பருமன். அழகுக்காகச் செய்த வேலை என்று நினைக்கத் தோன்றும். ஒல்லியான தூண் ஒன்றின் மேல் பாரம் மிகும்போது அது நடுவில்தான் பிதுங்கி வளையப் பார்க்கும்; அதனால் இரும்பைத் தேவைப்படும் இடத்தில் கூட்டி, தேவையில்லாத இடத்தில் குறைத்திருக்கிறார்கள். கூட்டல் குறி வடிவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே குழாயாக வார்த்தால் ஒரு பக்கம் மெலிந்துபோனாலும் வெளியே தெரியாது. இதில் எந்தப் பக்கமும் மறைவில்லை. வார்ப்பில் பழுது இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நடு வரிசைத் தூண்கள் சிலவற்றின் தலைப்பகுதியில் இடைவெளி விட்டே வார்த்திருக்கிறார்கள். நீராவி இயந்திரத்தின் சக்தியைத் தளம் முழுக்கக் கொண்டுபோகும் சுழல்தண்டு அதன் வழியாக ஓடியது. அதாவது தூணை வார்க்கும்போதே இயந்திரத்துக்கும் இடம் ஒதுக்கியாயிற்று. கட்டடம் தனி, இயந்திரம் தனி என்ற நினைப்பே அங்கே இல்லை. தெற்கு முனையில் போல்டன் அண்டு வாட் கம்பெனியின் 20 குதிரைத்திறன் இயந்திரம் உட்கார்ந்திருந்தது.

தூண்களின் மேல் குறுக்குவாட்டில் வார்ப்பிரும்பு உத்திரங்கள், ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒன்று. 12 மீட்டர் அகலத்துக்கு ஒரே துண்டாக வார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே இரண்டு துண்டுகளாக வார்த்து, நடுத்தூணின் தலைக்கு மேல் போல்ட்டுப் போட்டு இணைத்தார்கள். உத்திரத்தின் அடிப்பக்கம் இருபுறமும் சரிவாக அகன்றிருக்கும். அந்தச் சரிவில்தான் செங்கல் வளைவின் கால் ஊன்றி நிற்கிறது.

ஒரு உத்திரத்திலிருந்து அடுத்த உத்திரத்துக்குத் தாழ்வான செங்கல் வளைவு. அங்கிருந்து அடுத்ததற்கு இன்னொன்று. சென்னையின் பழைய அரசுக் கட்டடங்களிலும் ரயில்வே கட்டடங்களிலும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைந்து நிற்கும் ‘ஜாக் ஆர்ச்’ கூரை இதன் வம்சம்தான். வளைவுகளின் மேலே நிரப்பிச் சமன்படுத்தி, எரியாத தளம் பாவினார்கள்.

வளைவுக்கு ஒரு குணம் உண்டு. மேலே பாரம் ஏற ஏற அது தன் கால்களைப் பக்கவாட்டில் தள்ளும். வரிசையாக வளைவுகள் இருக்கும்போது, இந்தப் பக்கத்து வளைவு தள்ளுவதை அந்தப் பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளி ஈடுகட்டிவிடும். வேலை நடக்கும்போது ஒரு பக்க வளைவு முடிந்து மறுபக்கம் முடியாமல் இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடினாலோ உத்திரம் ஓரமாக நகரும். அதைத் தடுக்க உத்திரங்களைத் தேனிரும்புக் கம்பிகளால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினார்கள். அழுத்தத்துக்கு வார்ப்பிரும்பும் செங்கலும், இழுவைக்குத் தேனிரும்பு என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சுபாவம் அறிந்து வேலை கொடுத்த கட்டடம் அது.

மேல்தளத்துக் கூரையிலும் மரம் இல்லை. அங்கேயும் இரும்பும் செங்கல் வளைவும்தான். அதனால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே பெரிய முகடாக இல்லாமல், சின்னச் சின்ன முகடுகள் வரிசை கட்டி நிற்கும்.

செங்கலுக்கும் கணக்கு உண்டு

இரும்பின் பெருமையைப் பேசும்போது செங்கலை மறந்துவிடக் கூடாது. இந்த மில்லின் செங்கற்கள் அன்று வழக்கத்தில் இருந்தவற்றைவிடப் பெரியவை. காரணம் வரி. அமெரிக்க விடுதலைப் போரில் ஏற்பட்ட கடனைச் சமாளிக்க 1784இல் பிரிட்டிஷ் அரசு செங்கல் வரி போட்டது; ஆயிரம் செங்கலுக்கு இரண்டரை ஷில்லிங். 1794இல் அதை உயர்த்தியது. வரி எண்ணிக்கைக்குத்தானே ஒழிய அளவுக்கு இல்லை. அப்படியானால் செங்கலைப் பெரிதாக அறுத்தால் ஒரு சுவருக்குக் குறைந்த எண்ணிக்கை போதும், வரியும் குறையும். நாடெங்கும் சாமர்த்தியசாலிகள் இதைச் செய்யத் தொடங்க, 1803இல் அரசு விழித்துக்கொண்டு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய செங்கலுக்கு இரட்டை வரி என்று அறிவித்தது. அந்த வரி முழுதாக ஒழிந்தது 1850இல். டிதரிங்டன் சுவரைப் பார்த்தாலே அது 1803க்கு முந்தியது என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு வரிச்சட்டம் அதில் பதிந்திருக்கிறது.

இந்தச் சுவர்கள் வெறும் மறைப்பும் அல்ல. ‘வானளாவிய கட்டடங்களுக்கெல்லாம் தாத்தா’ என்று இந்த மில்லுக்கு ஒரு பட்டம் உண்டு. சுற்றுலாப் பலகையிலும் செய்தித்தாளிலும் அதைத்தான் எழுதுவார்கள். ஒரு பாதி உண்மை. நடுவில் இருக்கும் மூன்று வரிசைத் தூண்கள் இரும்பு. ஆனால் ஒவ்வொரு உத்திரத்தின் இரு முனைகளும் செங்கல் சுவரில்தான் உட்காருகின்றன. காற்றின் தள்ளலுக்கு அசையாமல் கட்டடத்தைப் பிடித்திருப்பதும் அந்தச் சுவர்தான். சுவரை எடுத்துவிட்டால் சட்டகம் தனியாக நிற்காது. சுவரின் பாரத்தையும் இரும்பே ஏற்றுக்கொள்ளும் கட்டடங்களை நோக்கிச் சிகாகோவின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் நகர்ந்தது 1885 வாக்கில். அதற்கு இன்னும் ஏறக்குறைய தொண்ணூறு வருடம் போக வேண்டியிருந்தது.

அப்படிப் பார்த்தால் பேஜ் செய்தது உயரத்தைத் தேடிய வேலையே இல்லை. ஐந்து தளம் அன்றைக்கும் புதுமை கிடையாது. மரத்தை ஒழிக்க வேண்டும், முதலைக் காப்பாற்ற வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும் என்ற மூன்று வியாபாரக் கவலைகளுக்கு விடை தேடினார்கள். அந்த விடையில் பின்னாளின் நகரங்களுக்கான விதை இருந்தது நால்வருக்கும் தெரிய வழியில்லை.

1811: பரீட்சை

தீயைத் தாங்குமா என்பதைத் தீதானே சொல்ல வேண்டும்? அந்தப் பரீட்சைக்குக் காரணமும் முதலாளிகளின் சிக்கனம்தான். 1803 வாக்கில் பிரதான மில்லுக்குக் குறுக்காக ஆளிநார் சீவுவதற்கென்று இன்னொரு கட்டடம் எழுப்பினார்கள். தூசி அதிகம் பறக்கும் வேலை அது. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் பழையபடி மரத்தையே போட்டார்கள்.

1811இல் அது எரிந்து போனது. ஒட்டியிருந்த பிரதான மில் நின்றது. அடுத்த வருடமே, 1812இல், குறுக்குக் கட்டடத்தை இரும்புச் சட்டகம் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பேஜின் கணக்குக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யாராலும் கொடுத்திருக்க முடியாது.

இதற்குள் கூட்டு உடைந்திருந்தது. 1804இல் மார்ஷல் பிரிந்து டிதரிங்டன் மில்லைத் தன்வசம் வைத்துக்கொண்டார். பெனியன் சகோதரர்களும் பேஜும் லீட்ஸிலும் ஷ்ரூஸ்பரியிலும் போட்டியாகப் புது மில்கள் கட்டினார்கள். அந்த லீட்ஸ் மில்லுக்காக, பிரிவு முடிவாவதற்கு முன்பே 1803இல், உத்திரத்தின் பலத்தைப் பற்றி பேஜ் போட்ட கணக்கு, டிதரிங்டனில் போட்டதைவிடத் தெளிவானது. மார்ஷல் பெரும் செல்வந்தராகி நாடாளுமன்றம் வரை போனார். பேஜோ பிறகு தனியே தொடங்கிய நெசவுத் தொழிலில் தேறவில்லை, 1822இல் காலமானார்.

எரியாத தளத்தில் நின்ற பிள்ளைகள்

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. தீயிலிருந்து இந்தக் கட்டடம் காப்பாற்றியது யாரை?

ஆளிநார் நூற்பில் சிறுவர் சிறுமியர் ஏராளம். ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த ஊர் நிர்வாகங்கள் ஆதரவற்ற பிள்ளைகளைப் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்று மில்லுக்கு அனுப்பின. அவர்கள் தங்குவதற்கென்று 1812இல் கட்டிய வீடு மில் வளாகத்திலேயே இன்றும் நிற்கிறது.

1832இல் மில் பிள்ளைகளின் நிலையை விசாரிக்க மைக்கேல் சாட்லர் தலைமையில் நாடாளுமன்றக் குழு அமைந்தது. அதன் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஜோனதன் டவுன். ஏழு வயதில் ஷ்ரூஸ்பரியில் மார்ஷலின் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். வேலை நேரத்தில் ஒரு பிள்ளை தூக்கக் கலக்கத்தில் தள்ளாடினால் என்ன செய்வார்கள் என்று அவர் விவரித்தார். அறையின் மூலையில் தண்ணீர் நிரம்பிய இரும்புத் தொட்டி இருக்கும். மேற்பார்வையாளர் பிள்ளையைத் தோளில் தட்டிக் கூப்பிடுவார். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொட்டியில் முக்கி எடுப்பார். நனைந்த உடம்போடு பிள்ளை மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும்.

இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கடிதம் கடிதமாகக் கணக்குப் பார்த்த அதே தலைமுறை, ஒரு குழந்தை எவ்வளவு நேரம் கண்விழித்து நிற்கும் என்ற கணக்கைப் பார்க்கவில்லை. அந்தச் சாட்சியங்களின் அதிர்ச்சியில் 1833இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. துணியாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். கட்டடக்கலை வரலாற்றில் டிதரிங்டன் பெறும் இடத்தோடு தொழிலாளர் வரலாற்றில் அதற்குள்ள இடத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கட்டடம் முழுசாகத் தெரியும்.

நூல் போய் பார்லி வந்தது

1886இல் மார்ஷல் குடும்பம் இங்கிலாந்தில் தொழிலை மூட்டை கட்டியது. மில் பதினோரு வருடம் சும்மா கிடந்தது. 1897இல் வில்லியம் ஜோன்ஸ் என்ற மால்ட் தயாரிப்பாளர் அதை வாங்கினார். பீர் வடிக்கத் தேவையான மால்ட் என்பது முளைகட்டி வறுத்த பார்லி. ஊறவைத்த பார்லியைத் தளத்தில் பரப்பி, முளைக்க முளைக்கப் பலகைக் கரண்டியால் புரட்டிக் கொடுத்து, பிறகு சூளையில் காயவைக்க வேண்டும். அதற்கு விசாலமான, ஈரம் தாங்கும், மரமில்லாத தளங்கள் வேண்டும். பேஜ் தீக்குப் பயந்து கட்டிய தளம் பார்லிக்கும் வாகாக அமைந்தது.

ஒன்றுதான் இடைஞ்சல்: வெளிச்சம். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மில்காரர்கள் பெரிய சன்னல்கள் வைத்திருந்தார்கள். முளைவிடும் பார்லிக்கோ ஒரே சீரான குளிர்ச்சியும் மங்கலும் வேண்டும். எனவே பெரும்பாலான சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், மிச்சத்தையும் சிறிதாக்கினார்கள். வடக்கு முனையில் கூம்புக் கூரையோடு ஒரு சூளை எழுந்தது. மூட்டை தூக்கும் கோபுரத்தின் உச்சியில், அந்த ஆண்டு நடந்த விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி ஒரு கிரீடம் வைத்தார்கள். ஊருக்கு அந்தக் கட்டடம் பல தலைமுறைகளுக்கு ‘மால்டிங்ஸ்’தான், நூற்பாலை என்ற நினைவே மங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது சிப்பாய்கள் தங்கினார்கள். போருக்குப் பிறகு மறுபடியும் மால்ட். 1987இல் அதுவும் நின்றது.

இடையில் 1950இல் டர்ப்பின் பேனிஸ்டர் என்ற அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ‘ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரைதான், ஊர் ஓரத்து மால்ட் கிடங்குக்குள் உலகின் முதல் இரும்புச் சட்டகம் ஒளிந்திருப்பதை எல்லோருக்கும் சொன்னது. ஆலை மூடிய பின் ஏறக்குறைய பதினெட்டு வருடம் மீட்பார் இல்லாமல் சிதைந்தது. 2005இல் அரசின் பாரம்பரிய அமைப்பு கையகப்படுத்தி, சுமார் 2 கோடியே 80 லட்சம் பவுண்டு செலவில் புதுப்பித்து, 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்தது.

அந்தப் புதுப்பிப்பில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. அடைத்த சன்னல்களைத் திறப்பதா, வேண்டாமா? திறந்தால் நூற்பாலை தெரியும். மால்ட் காலத்துத் தடயம் போய்விடும். வேலை செய்தவர்கள் பழைய பெரிய சன்னல்கள் பலவற்றைத் திறந்தார்கள். சூளையையும் கிரீடத்தையும் காத்தார்கள். மேல்தளங்களில் அலுவலகங்கள், கீழே அருங்காட்சியகம், சூளை வழியாக நுழைவாயில் என்று கட்டடம் மூன்றாவது முறையாகப் பிழைப்புத் தேடிக்கொண்டது. 1797ஐ மட்டும் காட்டியிருந்தால் அது ஒரு பொறியியல் மாதிரியாகச் சுருங்கியிருக்கும். பிழைத்துக் கிடந்தது பார்லியால்தான் என்பதையும் சுவரிலேயே விட்டுவைத்தது நல்ல முடிவு.

பார்த்துப் போட்டவர்கள்

டிதரிங்டனுக்குப் பிறகு ‘தீப்பிடிக்காத மில்’ என்பது வடக்கு இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது. ஸ்ட்ரட் குடும்பமே பெல்ப்பரில் எரிந்துபோன தங்கள் மில்லை 1804இல் இரும்புச் சட்டகத்தோடு திரும்பக் கட்டியது. தூணும் உத்திரமும் செங்கல் வளைவும் சேர்ந்த அந்த அமைப்பு, எந்தக் கொத்தனாரும் எந்த வார்ப்புச்சாலையும் செய்யக்கூடிய வாடிக்கை வேலையாகிவிட்டது.

அதில்தான் ஆபத்து இருந்தது. பேஜ் கணக்குப் போட்டுக் கட்டினார். பின்னால் வந்தவர்களில் பலர் பார்த்துப் போட்டார்கள். உத்திரத்தின் நீளத்தைக் கூட்டினார்கள், தூண்களைக் குறைத்தார்கள், அடிப்பக்கத்து இழுவையை மறந்தார்கள். எரியாத கட்டடம் இடியாது என்ற அசட்டுத் தைரியம் வேறு. 1844இல் ஓல்ட்ஹாம் நகரத்து மில் ஒன்றில் ஒரு பொறிகூட விழவில்லை. ஆனால் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து 20 பேர் இறந்தார்கள். எங்கே தவறினார்கள், யார் கண்டுபிடித்தார்கள், உத்திரத்தின் வடிவம் அதன்பின் எப்படி மாறியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)